ஊரு பேரெல்லாம் அடிச்ச பிரஸ், தன் வேலைய எப்படி வெளிய காட்டுறது?

உங்க வீட்டுல மாட்டியிருக்குற காலண்டர ஒரு தடவ கிட்ட போய் பாருங்க. மேல முருகனோ லட்சுமியோ இருப்பாங்க, கீழ மளிகைக்கடை பேரு, புரொப்ரைட்டர் பேரு, ரெண்டு போன் நம்பர் எல்லாம் கொட்டை எழுத்துல இருக்கும். அத அடிச்ச பிரஸ் பேரு எங்கன்னு தேடுங்க, இருந்தா ஏதாவது ஒரு மூலைல பொடி எழுத்துல இருக்கும், நிறைய காலண்டர்ல அதுவும் இருக்காது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், ஸ்வீட் பாக்ஸ், பட்டாசு லேபிள்னு எத எடுத்தாலும் இதே கததான். அடுத்தவங்க பேர ஊருக்கெல்லாம் கொண்டுபோய் சேக்குற தொழில், ஆனா தன் பேரச் சொல்லிக்கவே தெரியாம நூறு வருஷம் ஓட்டிருச்சு. நான் பிரஸ் லைன்லயே வளந்தவன், இப்ப தெரிஞ்ச பிரஸ்காரங்களுக்கு போட்டோ வீடியோ எடுத்துக் கொடுத்துட்டு இருக்கேன், அதனால இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப் இதெல்லாம் இந்தத் தொழிலுக்கு உண்மையிலயே என்ன பண்ணும் என்ன பண்ணாதுன்னு கொஞ்சம் விளக்கமா எழுதலாம்னு தோணுச்சு.

சிவகாசிய எடுத்துக்குவோம். 1920கள்ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துட்டு வந்தாங்க, அந்தக் கத எல்லாருக்கும் தெரியும். தீப்பெட்டி வந்தா அதுக்கு மேல ஒட்ட லேபிள் வேணும், பின்னாடி பட்டாசுக்கு லேபிள் வேணும், அந்தத் தேவைலதான் அச்சு அங்க வேர் பிடிச்சுது, மழை கம்மியான காஞ்ச ஊருங்குறதும் பேப்பர் வேலைக்குச் சாதகம். அப்புறம் காலண்டர், டைரி, நோட்டு, அட்டைப்பெட்டின்னு விரிஞ்சுது. பக்கத்துல கோவில்பட்டில தேவி ஆர்ட் ஸ்டுடியோ வச்சிருந்த ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976), அவரோட சிஷ்யர்கள் வரைஞ்ச சாமிப் படங்கள் சிவகாசில அச்சாகித்தான் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் போச்சு. அந்தப் படத்துல ஓவியர் கையெழுத்து இருக்கும், கடைக்காரர் பேரு இருக்கும். அந்தச் சிவப்பு அப்படி வரதுக்கு ராத்திரி முழுக்க மிஷின்கிட்ட நின்னவரு யாருன்னு மட்டும் எங்கயும் இருக்காது.

அப்ப பிரஸ்காரங்க தங்க வேலைய எப்படிக் காட்டுனாங்கன்னா, மாதிரிப் படங்களெல்லாம் சேத்துக் கட்டுன ஆல்பம். காலண்டர் தொழில்ல ஆடிப்பெருக்கு அன்னைக்குப் பூஜை போட்டு அடுத்த வருஷ ஆல்பத்த வெளியிடுவாங்க, இன்னைக்கும் நடக்குது. அந்தத் தடிமனான ஆல்பத்தத் தூக்கிட்டு ஏஜென்ட்டுங்க பஸ் ஏறி ஊர் ஊரா கடை கடையா போவாங்க. கடைக்காரர் பேப்பரத் தொட்டுப் பாப்பாரு, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாப்பாரு, மடக்கிப் பாப்பாரு, பக்கத்துல இருக்குற பையன்கிட்ட காட்டுவாரு, அப்புறம்தான் ஆர்டர். அதாவது இந்தத் தொழில்ல வாங்குறவங்க கண்ணால மட்டும் முடிவு பண்ணல, விரலால முடிவு பண்ணாங்க. இத மனசுல வச்சுக்கிட்டாதான் பின்னாடி சொல்லப்போறது புரியும்.

இப்ப பெரும்பாலான பிரஸ்களோட இன்ஸ்டா பக்கத்தத் தொறந்தா என்ன இருக்கு? டிசைன் பண்ற டிடிபி கம்ப்யூட்டர்ல இருந்து எக்ஸ்போர்ட் பண்ண ஜேபெக் படம். பத்திரிகை டிசைன், விசிட்டிங் கார்டு டிசைன், தீபாவளி வாழ்த்து டிசைன், எல்லாம் தட்டையா. நான் அடிக்கடி பாக்குற தப்பு இதுதான், அதுவும் நல்ல வேலை பண்றவங்களே பண்றாங்க. ஏன்னா அந்த ஜேபெக்க அச்சடிக்காமயே யாரும் உண்டாக்கலாம், போன்ல ஒரு ஆப் வச்சிருக்குற காலேஜ் பையனும் அதே படத்தப் போடுவான், பாக்குறவங்களுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தன கிராம்னு சொல்ற எடை) போர்டுல பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் பண்ணி, அதுக்கு மேல பிள்ளையார மட்டும் ஸ்பாட் யுவில, அதாவது வேணுங்குற இடத்துல மட்டும் ஏத்துற வார்னிஷ்ல, பளபளன்னு எழுப்பி, ஓரத்துல தங்க ஃபாயில் ஏத்துன கார்டுல நீங்க பட்ட பாடு எதுவும் அந்தப் படத்துல இல்ல. ஆல்பத்துல விரல் பண்ண வேலைய இங்க வெளிச்சம் பண்ணணும், அதுக்கு அச்சான பொருளத்தான் படம் எடுக்கணும்.

எப்படி எடுக்கிறதுன்னா, ரொம்ப செலவெல்லாம் வேணாம். போன்ல இருக்குற ஃபிளாஷ மொதல்ல ஆஃப் பண்ணுங்க, நேரா அடிக்குற வெளிச்சம் எம்பாஸிங்க, அதாவது மேடா எழுப்புன டிசைன, தட்டையாக்கிரும், லேமினேஷன் மேல ஒரு வெள்ளைப் பொட்டு விழும், அவ்வளவுதான். கார்டை ஜன்னல் பக்கத்துல மேசைல வைங்க, வெளிச்சம் ஒரு பக்கத்துல இருந்து தாழ்வா வரட்டும், அப்பதான் எம்பாஸ் பண்ண இடத்துல நிழல் விழுந்து மேடு பள்ளம் தெரியும். ஃபாயில் கண்ணாடி மாதிரி, எதிர்ல என்ன இருக்கோ அதத்தான் காட்டும், வெள்ளைச் சுவத்தப் பாத்தா வெளிறிப்போகும், ஒரு கருப்பு அட்டைய எதிர்ல புடிச்சுட்டு மெதுவா சாய்ச்சா தங்கம் தங்கமா தெரியும். ஸ்பாட் யுவி ஸ்டில் போட்டோல பாதிதான் தெரியும், அதுக்கு வீடியோதான் சரி, கார்டை கைல புடிச்சு லேசா திருப்புனா வெளிச்சம் அந்தப் பிள்ளையார் மேல மட்டும் ஓடும், அஞ்சு செகண்ட் போதும். கடைக்காரர் ஆல்பத்த வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தாருன்னு சொன்னேன்ல, அதே வேலையத்தான் இங்க பண்றோம்.

கலர் விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும், இதுல சண்ட வரும். போன் ஸ்கிரீன் சிவப்பு பச்சை நீலம்னு வெளிச்சத்தக் கலந்து கலர் காட்டுது, நம்ம மிஷின் சியான், மஜெண்டா, மஞ்சள், கருப்புன்னு மைய பேப்பர் மேல ஏத்துது, ஸ்கிரீன்ல மின்னுற சில நீலமும் பச்சையும் இந்த நாலு மைல வரவே வராது. அதோட போன் கேமரா வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி தானாவே கலர மாத்திக்கும், டியூப்லைட்டுல எடுத்தா ஒண்ணு, குண்டு பல்புல எடுத்தா இன்னொண்ணு. அதனால ஃபிரேமோட ஓரத்துல ஒரு வெள்ளைத் தாள வச்சு எடுத்துட்டு, அப்புறம் அந்தத் தாள் வெள்ளையா தெரியுற வரைக்கும் எடிட்ல சரி பண்ணுங்க, ஃபில்டர் எதுவும் போடாதீங்க. பாக்குறவங்களும் போட்டோவ கலர் புரூஃப்னு, அதாவது அச்சுல வரப்போற அசல் கலர்னு, நினைச்சுக்கக் கூடாது, "அசல் கலர் கைல பாத்து முடிவு பண்ணுங்க, சாம்பிள் அனுப்புறோம்"னு ஒரு வரி கேப்ஷன்ல இருக்கட்டும். ஒரு பிரஸ்ல, பேரு வேணாம், மெரூன் கலர் பத்திரிகை 800 அடிச்சு முடிச்சப்புறம் பொண்ணு வீட்டுக்காரங்க ரீல்ஸ்ல பாத்த கலர் இது இல்லன்னு வாங்க மாட்டேன்னுட்டாங்க, ரீல்ஸ்ல இருந்தது ஃபில்டர் போட்ட மெரூன். அந்த 800 கார்டும் இன்னும் குடோன்லதான் கெடக்கு.

சரி, வீடியோவுக்கு வருவோம், இந்தத் தொழிலுக்கு உண்மையான சொத்து அங்கதான் இருக்கு. உலகத்துல நிறைய பேருக்கு மிஷின் ஓடுறதப் பாக்கப் பிடிக்கும், அதுலயும் அச்சு மிஷின். ஜெர்மன் ஹைடல்பெர்க் விண்ட்மில்னு ஒண்ணு, காத்தாடி மாதிரி ரெண்டு கை சுத்திச் சுத்தி ஒண்ணு பேப்பர எடுத்து உள்ள கொடுக்கும் இன்னொண்ணு அடிச்ச பேப்பர வெளிய வைக்கும், அத உண்டாக்குறத 1985லயே நிறுத்திட்டாங்க, ஆனா நம்மூர்ல ஃபாயில் அடிக்க, பஞ்ச் பண்ண, நம்பர் போட இன்னும் ஓடிட்டு இருக்கு. அந்தச் சத்தமும் அந்தத் தாளமும் சின்ன வயசுல இருந்து கேட்ட நமக்குச் சாதாரணம், வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு அது அதிசயம். கட்டிங் மிஷின் கத்தி ஒரு ரீம ஒரே இறக்குல வெட்டி ஓரம் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு நிக்கிறது, தேதித் தாள் கட்டு மேல பசை தடவுறது, மாசக் காலண்டருக்கு தகரப் பட்டை அடிக்கிறது, இதெல்லாம் தினமும் நடக்குது, யாரும் எடுக்கிறதில்ல.

எடுக்கும்போது வர்ற மொதப் பிரச்சன, வீடியோல கருப்புக் கோடு ஓடுறது. நம்ம நாட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால பழைய டியூப்லைட் ஒரு செகண்டுக்கு 100 தடவ மங்கிப் பிரகாசிக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போன்ல புரோ மோடு இருந்தா ஷட்டர 50ல ஒண்ணு இல்ல 100ல ஒண்ணுன்னு வச்சா பெரும்பாலும் கோடு போயிரும். ஸ்லோ மோஷன்ல அந்த வித்தை பலிக்காது, பகல்ல ஜன்னல் பக்கமா இருக்குற மிஷினத்தான் எடுக்கணும். ஆனா ஸ்லோ மோஷன விட்டுறாதீங்க. மணிக்கு 10,000 ஷீட் ஓடுற ஆஃப்செட்ல ஒரு ஷீட்டுக்கு 0.36 செகண்டுதான், கண்ணுக்கு வெறும் மங்கலாத்தான் தெரியும், செகண்டுக்கு 240 ஃபிரேம்ல எடுத்து சாதா வேகமான 30 ஃபிரேம்ல ஓட்டுனா ஒரு ஷீட் கிட்டத்தட்ட மூணு செகண்ட் எடுக்கும், சக்கர் காத்த இழுத்து பேப்பரத் தூக்குறது, கிரிப்பர் கவ்வுறது எல்லாம் தெளிவா தெரியும். மிஷினோட பாதுகாப்புத் தடுப்பு, மூடி எதையும் திறந்துட்டு உள்ள கைய நீட்டி எடுக்காதீங்க, லுங்கி நுனியோ சட்டை நுனியோ மாட்டுனா அவ்வளவுதான், ஜூம் பண்ணிக்கலாம் அதுக்குத்தான் ஜூம் இருக்கு.

சின்ன பிரஸ்காரங்க "எங்ககிட்ட நாலு கலர் மிஷின் இல்ல, ஒத்தக் கலர் மினி ஆஃப்செட்தான், என்னத்தக் காட்ட"ன்னு கேப்பாங்க. நான் சொல்வேன், உங்ககிட்டதான் நல்ல படம் இருக்குன்னு. நாலு கலர் மிஷின்ல பேப்பர் உள்ள போகுது, முழுப் படமா வெளிய வருது, நடுவுல நடந்தது தெரியாது. ஒத்தக் கலர்ல ஒரே ஷீட் நாலு தடவ போகுது, ஒவ்வொரு தடவையும் ஒரு ஷீட்ட தனியா எடுத்து வச்சு போட்டோ எடுங்க. மொத கலர்ல வெறும் மங்கலான உருவம், ரெண்டாவதுல கொஞ்சம் உயிர், மூணாவதுல முகம், கருப்பு ஏறுனதும் கண்ணு தொறக்குற மாதிரி இருக்கும். நாலு படத்த வரிசையா ஒரே போஸ்ட்ல போட்டா, ரெஜிஸ்டர்னா, அதாவது நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு கச்சிதமா உக்கார்றதுன்னா, என்ன, ஒரு கலர் அரை மில்லி தள்ளுனா ஏன் முகம் ரெட்டையா தெரியுதுன்னு ஜனங்களுக்குத் தானா புரியும். புரிஞ்சவங்க ரேட் கேட்டதும் "பக்கத்துக் கடைல கம்மியாச்சே"ன்னு உடனே சொல்ல மாட்டாங்க, இத நான் பல கவுன்ட்டர்ல நின்னு பாத்திருக்கேன்.

சத்தத்துக்கு மேல சினிமாப் பாட்டு போடுற பழக்கம் வேணாம். பிசினஸ் அக்கவுண்ட்டா இருந்தா இன்ஸ்டால நிறைய பாட்டு கிடைக்கவே கிடைக்காது, யூடியூப்ல போட்டா பாட்டோட உரிமைக்காரங்க பேர்ல கிளெய்ம் வரும். அதவிட முக்கியம், அந்த மிஷின் சத்தம்தான் உங்க பாட்டு.

எந்தத் தளம் எதுக்குங்குறதுல நிறைய குழப்பம் இருக்கு. இந்தியால 2020 ஜூன் கடைசில டிக்டாக்க தடை பண்ணாங்க, அடுத்த மாசமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்க வந்துது, செப்டம்பர்ல யூடியூப் ஷார்ட்ஸ இந்தியாலதான் சோதன பண்ண ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் கொரோனா, கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல கூடாதுன்னாங்க, பத்திரிகை ஆர்டர் படுத்துருச்சு, ஜனங்க வாட்ஸ்அப்ல பிடிஎஃப் அனுப்பிப் பழகிட்டாங்க. எந்த போனு நம்ம வேலையக் கொறச்சுதோ அதே போனுதான் நம்ம வேலையக் காட்டுறதுக்கும் வழியாச்சு. இப்ப நான் பாக்குற வரைக்கும் ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப்ல சொல்லிட்டு, நேர்ல போய் வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிற சொந்தங்களுக்கு மட்டும் கொஞ்சமா, ஆனா நல்லதா அடிக்கிறாங்க. எண்ணிக்கை போயிருச்சு, தரத்துலதான் இனி பொழப்பு, அதனாலதான் தரத்தக் காட்டுறது இவ்வளவு அவசியமாகுது.

ரீல்ஸ் புது ஆளுங்களுக்குப் போகும், ஆனா கொஞ்ச நாள்ல அடங்கிரும். யூடியூப் வீடியோ மெதுவா ஓடும், ஆனா "கல்யாணப் பத்திரிகை எப்படி பிரிண்ட் பண்றாங்க"ன்னு ரெண்டு வருஷம் கழிச்சு யாராவது தேடுனாலும் வந்து நிக்கும், அதனால ஒரு வேலைய ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் காட்டுற பத்து நிமிஷ வீடியோவ அங்க போடுங்க. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரம்தான், அதுவும் நீங்க அவங்க நம்பரையும் அவங்க உங்க நம்பரையும் சேவ் பண்ணியிருந்தாதான் தெரியும், ஆனா ஏற்கனவே உங்ககிட்ட வேலை கொடுத்தவங்க அங்கதான் இருக்காங்க, அவங்கதான் அடுத்த ஆர்டரும் தருவாங்க. வாட்ஸ்அப் பிசினஸ்ல கேட்டலாக் இருக்கு, அது ஒரு சின்ன ஆல்பம்தான், ஏஜென்ட் தூக்கிட்டுப் போன அதே ஆல்பம். கூகுள் மேப்ல கடைய ஏத்தி பத்து நல்ல போட்டோ போடுறது எல்லாத்தவிட லேசு, பில் புக்கும் லெட்டர் பேடும் அடிக்கிற தெருமுனை பிரஸ்ஸுக்கு அதுவும் வாட்ஸ்அப்பும் இருந்தாலே போதும், லட்சம் வியூஸ் வர்ற ரீல் அவங்களுக்குத் தேவையே இல்ல. அசாம்ல ஒருத்தர் ரீல பாத்து ஹார்ட்டு போட்டா அவரு இங்க வந்து பில் புக் அடிக்கப்போறதில்லையே. எத்தன லைக்குன்னு எண்ணாம, ஆர்டர் எழுதும்போது "எங்கள எங்க பாத்தீங்க"ன்னு கேட்டு ஆர்டர் புக்லயே ஒரு வார்த்தை குறிச்சு வைங்க, மூணு மாசத்துல எது வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிரும்.

டிசைன திருடிருவாங்கங்குற பயம்தான் பழைய பிரஸ்காரங்கள வெளிய வரவிடாம வச்சிருக்கு, அத நான் குறை சொல்ல மாட்டேன், காலண்டர் லைன்ல ஆல்பம் வெளிய வர்ற வரைக்கும் டிசைன பொத்திப் பொத்தி வைக்கிறது தொழில் தர்மமாவே இருந்துச்சு. ஆனா ஒரு கணக்கு சொல்றேன். இன்ஸ்டால படம் பெரும்பாலும் 1080 பிக்சல் அகலம்தான் நிக்கும். அச்சுக்கு இன்ச்சுக்கு 300 புள்ளி வேணும்னா அது வெறும் 3.6 இன்ச்சுக்குத்தான் போதும், 18 இன்ச் காலண்டர்ல இழுத்துப் போட்டா இன்ச்சுக்கு 60 புள்ளி, கட்டம் கட்டமா பல்லிளிக்கும். இப்ப ஏஐ வச்சுப் பெருசாக்குறாங்க, ஆனா அம்மன் கழுத்து நகையும் விரலும் அதுல குழம்பிப்போறத பிரஸ்காரங்க ஒரே பார்வைல கண்டுபிடிப்பாங்க. யோசனையக் காப்பி அடிக்கலாம், அது நிஜம்தான், அதனால புது ஆல்பத்த ஆடி 18க்கு முன்னாடி போடாதீங்க, மத்த நாள்ல செய்முறையக் காட்டுங்க. இதே கணக்கு கஸ்டமருக்கும் பொருந்தும், ஸ்கிரீன்ஷாட் கொண்டு வந்து இத பேனரா அடிச்சுக் கொடுங்கன்னு கேக்குறவங்களுக்கு இந்த 3.6 இன்ச்ச ஒரு வீடியோவா போட்டுக் காட்டலாம், நிறைய வாக்குவாதம் மிச்சமாகும்.

திருட்ட விட எனக்குக் கவல அடுத்தவங்க விஷயத்த அவங்களக் கேக்காம போடுறதுதான். பத்திரிகைல ரெண்டு குடும்பத்தோட பேரு, வீட்டு விலாசம், போன் நம்பர், மண்டபம், எந்த நாள் எந்த நேரம் வீட்டுல ஆள் இருக்காதுங்குறது வரைக்கும் எல்லாம் இருக்கு. அதோட, மொதப் பத்திரிகைய மஞ்சள் தடவி குலதெய்வத்துக்கு வைக்கிறதுக்கு முன்னாடி அது இன்ஸ்டால வந்துருச்சுன்னா அந்த வீட்டுப் பெரியவங்களுக்கு எவ்வளவு மனசு சங்கடப்படும். கல்யாணம் முடியட்டும், அனுமதி கேளுங்க, பேரு நம்பர மறைங்க, இல்லன்னா பொய்ப் பேர் போட்டு ஒரு சாம்பிள் கார்டு தனியா அடிச்சு அத எடுங்க. பட்டாசு பாக்ஸ், ஸ்வீட் பாக்ஸ் மாதிரி பேக்கிங் வேலையிலயும் அப்படித்தான், சரக்கு கடைக்கு வர்றதுக்கு முன்னாடி பெட்டிய நாம காட்டிரக் கூடாது. தேர்தல் வேலைன்னா சட்டமே இருக்கு, 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு, போஸ்டர்லயும் நோட்டீஸ்லயும் அச்சடிச்சவர் பேரும் விலாசமும் கண்டிப்பா இருக்கணும். நம்ம பேர போடச் சொல்லி சட்டம் கேக்குறது இந்த மாதிரி சில வேலைலதான், அத யாருக்கு அடிச்சோம்னு பெருமையா ரீல் போட்டா அடுத்த கட்சிக்காரர் நம்ம வாசப்படி ஏற மாட்டாரு, நான் போட வேணாம்னுதான் சொல்வேன்.

கேப்ஷன்ல "பிரீமியம் குவாலிட்டி, பெஸ்ட் பிரைஸ்"னு எழுதுறதுல ஒண்ணும் இல்ல. என்ன பேப்பர், எத்தன ஜிஎஸ்எம், என்ன சைஸ், மேட்டா கிளாஸா, ஃபாயில் உண்டா, கொறஞ்சது எத்தன அடிப்பீங்க, எத்தன நாள் ஆகும், அத எழுதுங்க, தமிழ்லயே எழுதுங்க, தேடுறவங்க தமிழ்லதான் தேடுறாங்க.

யாரு முகத்தக் காட்டுனாலும் கேட்டுட்டுக் காட்டுங்க, வேலை பாக்குறவங்களுக்கும் அது பொருந்தும். போன வருஷம் ஒரு பிரஸ்ல பத்திரிகை மடிக்கிற அக்காகிட்ட கேட்டேன், மூஞ்சி வேணாம் தம்பி, கைய மட்டும் எடுத்துக்கன்னாங்க. மடிப்புக் குச்சிய வச்சு ஒரே இழுப்புல மடிச்சு, பாக்காமலே அடுத்தத எடுக்குற அந்தக் கைய நாப்பது செகண்ட் எடுத்து மிஷின் சத்தத்தோட போட்டோம், அந்தப் பக்கத்துல அதுவரைக்கும் போட்ட எந்த டிசைனுக்கும் வராத அளவுக்கு விசாரிப்பு வந்துது. அக்கா அத திருப்பூர்ல இருக்குற மகளுக்கு அனுப்பியிருக்காங்க. மறுவாரம் என்னப் பாத்ததும் கேட்டாங்க, "எல்லாரும் யாரு கைன்னு கேக்குறாங்களாம்ல, கீழ என் பேரப் போட்டிருக்கலாம்ல தம்பி?" அன்னைக்கே கேப்ஷன எடிட் பண்ணி, மடிச்சது யாரு, மிஷின் ஓட்டுனது யாரு, பிளேட் (அச்சுத் தகடு) போட்டது யாருன்னு மூணு பேரு பேரையும் சேத்தோம். இப்ப அந்த பிரஸ்ல எந்த வீடியோ போனாலும் அந்த வரி மொதல்ல எழுதிட்டுத்தான் மத்தத எழுதுறாங்க.